பார்த்ததும் பயந்ததும்: நமது திரைப்பட வட்டத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பயந்தாலும் பாதியில் எழுந்து போகாத சக உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இந்த ஆண்டு முழுக்க த்ரில்லரும் பேய்ப்படமும் மட்டுமே திரையிடுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானபோது, கோடை தாண்டுவதற்குள் சலித்துவிடும் என்று சொன்னவர்கள் உண்டு. சலிக்கவில்லை. கூட்டத்துக்கு வருபவர்கள் கூடித்தான் போனார்கள். சுவரோரத்து இருக்கைகள்தான் முதலில் நிரம்பின என்பது வேறு விஷயம்.

முதலில் இரங்கல். இந்த ஆண்டு நம் திரையிடல் பட்டியலோடு நேரடித் தொடர்புள்ள மூவரை இழந்தோம். ஜனவரியில் இயக்குநர் டேவிட் லிஞ்ச், பிப்ரவரியில் நடிகர் ஜீன் ஹேக்மேன், செப்டம்பரில் நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட். ஹேக்மேனுக்காக 'தி கான்வர்சேஷன்' (1974) போட்டோம். ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவன், தான் பதிவு செய்த ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். அவ்வளவுதான் கதை. அந்த வாக்கியத்தில் எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்பதில்தான் படமே நிற்கிறது. ரெட்ஃபோர்டுக்காக 'த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டோர்' (1975). மதியச் சாப்பாடு வாங்க வெளியே போனவன் அலுவலகத்துக்குத் திரும்பினால் அங்கே ஒருவர்கூட உயிரோடு இல்லை. அந்தத் தொடக்கம் எல்லோருக்கும் பிடித்தது. நடுவில் வரும் காதலை யாரும் நம்பவில்லை.

லிஞ்சின் 'முல்ஹாலண்ட் டிரைவ்' (2001) முடிந்ததும் அரங்கில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. புரிந்தவர் பேசட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள் என்பதே உண்மைக் காரணம். ஆனால் அதில் வரும் உணவகக் காட்சி பிறகு ஆண்டு முழுக்க நம் பேச்சில் வந்துகொண்டே இருந்தது. ஒருவன் தன் கெட்ட கனவைச் சொல்கிறான்: இதே உணவகம், இதன் பின்புறம் ஒரு ஆள், அந்த முகத்தைக் கனவுக்கு வெளியே ஒருபோதும் பார்க்கக்கூடாது. சொல்லி முடித்துவிட்டு இருவரும் பின்புறம் பார்க்கப் போகிறார்கள். பட்டப்பகல். என்ன நடக்கப் போகிறது என்று முன்பே சொல்லியாகிவிட்டது. இருந்தும் அந்தச் சுவர் முனை நெருங்க நெருங்க நம் தலைவர் உட்பட எல்லோரும் இருக்கையில் பின்னால் சாய்ந்தோம்.

இதை இங்கே விரிவாகச் சொல்லக் காரணம், இந்த ஆண்டின் பெரிய சண்டை இதைப் பற்றித்தான். 'மகாராஜா' (2024) திரையிட்ட அன்று, ஏற்கெனவே படம் பார்த்திருந்த ஓர் உறுப்பினர் இடைவேளைக்கு முன்பே பக்கத்து இருக்கைக்காரரிடம் முடிச்சை அவிழ்த்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் படத்தைப் பற்றிப் பேச நேரமே இல்லை. முடிவைப் போட்டு உடைப்பவரை மூன்று திரையிடலுக்குச் சேர்க்கக்கூடாது என்று ஒரு தரப்பு. முடிவு தெரிந்தால் செத்துப்போகிற படத்தை ஏன் போடுகிறீர்கள் என்று மறு தரப்பு.

தடை கேட்டவர்கள் துணைக்கு இயக்குநர் ஹிட்ச்காக்கை அழைத்தார்கள். 'சைக்கோ' (1960) வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று திரையரங்குகளுக்கு அவர் கட்டளை போட்டது உண்மைதான். சரி, அதே படத்தைப் போட்டுப் பார்த்துவிடுவோம் என்றேன். முடிவு தெரியாதவர் அரங்கில் ஒருவர்கூட இல்லாத படம் அது.

குளியலறைக் காட்சியில் யாரும் பெரிதாக அசையவில்லை. ரத்தத்துக்குப் பதில் சாக்லேட் சிரப் ஊற்றினார்கள் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. ஆனால் அதன் பிறகு, கொலை நடந்த விடுதியை நடத்தும் நார்மன் காரைச் சதுப்பில் தள்ளிவிட்டுக் கரையில் நின்று பார்க்கும் இடம் இருக்கிறதே, அங்கே கதை மாறியது. கார் மெல்ல மெல்ல அமிழ்கிறது. பாதியில் நின்றுவிடுகிறது. நார்மன் எதையோ கொறித்துக்கொண்டிருந்த வாய் நிற்கிறது. அரங்கிலும் மூச்சு நின்றது. பிறகு கார் மூழ்கியதும் எழுந்தது ஒரு நிம்மதிப் பெருமூச்சு. அதுவும் கொலையை மறைப்பவனுக்காக! எத்தனையோ முறை பார்த்தவர்களும் அந்தக் கார் மூழ்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டார்கள். இதை முடிவு தெரிவதோ தெரியாததோ எங்கே தொட்டது?

ஹிட்ச்காக்கே இதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் 1962இல் நடந்த நீண்ட உரையாடலில் அவர் சொன்ன மேசைக்கடி வெடிகுண்டு உதாரணம் நம்மில் பலருக்குத் தெரியும். குண்டு இருப்பதே தெரியாமல் அது திடீரென்று வெடித்தால் பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டு, மேசையில் இருப்பவர்களை வெட்டிப்பேச்சு பேச விட்டால் பதினைந்து நிமிடப் பதற்றம்.

இதற்கு இந்த ஆண்டு நாம் பார்த்ததில் மிக நல்ல சான்று 'எ கொயட் பிளேஸ்' (2018) படத்தில் வரும் ஆணி. சத்தம் கேட்டால் கொல்ல வரும் உயிரினங்கள் உலவும் உலகம். கர்ப்பிணித் தாய் துணி மூட்டையை மாடிப்படியில் இழுத்துக்கொண்டு ஏறுகிறாள். மூட்டை ஒரு ஆணியில் மாட்டுகிறது. அவள் வெடுக்கென்று இழுக்க, ஆணி நிமிர்ந்து நிற்கிறது. அவள் பார்க்கவில்லை, நாம் பார்த்துவிட்டோம். அதற்குப் பிறகு யார் அந்தப் படியில் கால் வைத்தாலும் நம் கண் அந்த ஆணியில்தான். பேயை உருவாக்க எத்தனை கணினி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், ஒற்றை ஆணி செய்த வேலையை அவை செய்யவில்லை. அந்த உயிரினங்களை அருகில் காட்டிய பிறகு எனக்குப் பயம் பாதியாகக் குறைந்துவிட்டது. உறுப்பினர்களில் இளையவர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஜூன் மாதத்தில் 'ஜாஸ்' வெளியாகி 50 ஆண்டு நிறைந்ததை ஒட்டி அதைத் திரையிட்டோம். இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதானதால் இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதைக் காட்டாமலே காட்சிகளை எடுக்க வேண்டியிருந்தது என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. சுறாவுக்குப் பதில் நாம் பார்ப்பது மஞ்சள் பீப்பாய்கள். தண்ணீருக்குள் இழுக்கப்பட்ட பீப்பாய் மறுபடி மேலே வந்து படகை நோக்கி நகரும்போது, வெறும் பீப்பாயைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. படம் முடிந்ததும் ஒரு சோதனை செய்தோம். முதல் காட்சியை ஒலியை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினோம். யாரோ கடலில் குளிக்கிறார்கள், அவ்வளவுதான். ஒலியைத் திருப்பிவிட்டு ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டு சுரங்கள் வந்ததும் முன்வரிசையில் கால்கள் தானாகத் தரையைவிட்டு மேலே ஏறின.

தமிழ்ப் படங்களுக்கு வருகிறேன். 'அந்த நாள்' (1954) பார்த்துவிட்டு, இது நம் ஊர்ப் படமா என்று கேட்ட கல்லூரி மாணவர் ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். சிவாஜி தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார். அதன் பிறகு ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், ஒவ்வொரு கதையிலும் கொலையாளி மாறுகிறார். எஸ். பாலசந்தர் அதை எடுத்து எழுபது ஆண்டு கடந்துவிட்டது. விளக்கு வெளிச்சம் முகத்தில் பாதியில் விழும் விதம் இப்போதும் புதிதாக இருக்கிறது. வசனம் சில இடங்களில் நீளம்தான். போலீஸ் விசாரணையில் கொஞ்சம் கத்தரி போட்டிருக்கலாம்.

'யாவரும் நலம்' (2009) பேய்ப்பட வரிசையில் பெரும்பான்மை ஓட்டு வாங்கியது. விக்ரம் குமார் இயக்கம், பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு. புது அடுக்குமாடி வீடு, கூட்டுக் குடும்பம், தினமும் ஓடும் தொலைக்காட்சித் தொடர். அந்தத் தொடரில் நடப்பதெல்லாம் மாதவனின் குடும்பத்தில் நடக்கத் தொடங்குகிறது. இதில் பயமுறுத்துவது எதுவும் பாழடைந்த பங்களாவில் இல்லை. மாதவன் ஏறினால் மட்டும் நகராத லிஃப்ட், வீட்டுக்குள் எடுத்தால் மட்டும் கோணலாக வரும் கைப்பேசிப் படம், இவைதான். அன்று கூட்டம் முடிந்து பல பேர் படியில் இறங்கிப் போனதை நானே பார்த்தேன்.

'ராட்சசன்' (2018) பற்றிக் கருத்து பிளந்தது. பரிசுப் பெட்டியில் வரும் சிதைந்த பொம்மைத் தலையும் ஜிப்ரானின் இசையும் எல்லோரையும் பிடித்து உட்கார வைத்தன. கொலைகாரனின் கடந்த காலத்தைச் சொல்லும் பகுதி அவசரமாக இருக்கிறது என்பது என் எண்ணம். கடைசிச் சண்டையும் தேவைக்கு மேல் நீளம். ஆனால் முகமூடி எதுவும் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுத்துக்கொண்டிருக்கும் அந்த ஆசிரியர் வரும் காட்சிகளில் அரங்கு உறைந்துபோனது. கொலைகாரனைவிட அவர்தான் அதிகம் பயமுறுத்தினார் என்று மகளைப் பெற்ற உறுப்பினர்கள் ஒருமுகமாகச் சொன்னார்கள். நானும் அதே கட்சி.

சரி, சண்டைக்குக் காரணமான 'மகாராஜா'வை என்ன செய்வது? ஆண்டுக் கடைசியில் அதையே மறுபடி போட்டோம். காணாமல் போன குப்பைத் தொட்டியைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி ஒருவர் காவல் நிலையத்தில் பிடிவாதமாக நிற்கிறார். முதல் முறை அந்த இடத்தில் சிரித்தோம். இரண்டாம் முறை யாரும் சிரிக்கவில்லை. விஜய் சேதுபதி அந்த வரிகளை முகத்தில் எதுவும் காட்டாமல் ஏன் ஒரே மாதிரி ஒப்பிக்கிறார் என்பது அப்போதுதான் பிடிபட்டது. இயக்குநர் நித்திலன் காலத்தை முன்னும் பின்னுமாக அடுக்கியது வெறும் வித்தை என்று முன்பு வாதிட்ட பொருளாளர், அன்று வாதிடவில்லை. இருந்தாலும் வில்லன்களைக் காட்டிய விதத்தில் கொடூரம் அளவு மீறியது என்ற அவரது கருத்து அப்படியே இருக்கிறது, அது நியாயமும்கூட.

தடை கேட்ட தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. 'துருவங்கள் பதினாறு' (2016) மாதிரி படத்தை முதல் முறை எதுவும் தெரியாமல்தான் பார்க்க வேண்டும். யார் எவர் என்று நாமே தப்பாகக் கூட்டிக் கழித்துக்கொண்டு போகிற சுகம் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். அதைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை.

மலையாளத்திலிருந்து 'பிரமயுகம்' (2024). பாழடைந்த மனை, மூன்று ஆண்கள், ஒரு பகடை ஆட்டம், கறுப்பு வெள்ளை. அடைக்கலம் தேடி வந்த பாடகனைப் பகடையால் கட்டிப்போடும் மம்மூட்டி, சிரிக்கும்போதுதான் அதிகம் பயமாக இருக்கிறார். இதைப் பற்றி எதிர்க்கருத்தே வரவில்லை, நம் வட்டத்தில் இது அபூர்வம்.

ஜப்பானிய 'ரிங்கு' (1998) திரையிடலில், வீடியோ கேசட் என்றால் என்ன என்று விளக்குவதற்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டியதாயிற்று. நடிகையைப் பின்னோக்கி நடக்க வைத்து, பிலிமைத் திருப்பி ஓட்டியதால்தான் பேயாக வரும் சடாகோவின் நடை அவ்வளவு கோணலாக இருக்கிறது என்று அறிந்ததும் இளைஞர்கள் சிலர் உடனே கைப்பேசியில் முயன்று பார்த்தார்கள். அந்தக் காணொளிகளை வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு மேல் பகிர வேண்டாம் என்று மறுபடி கேட்டுக்கொள்கிறேன்.

புதுப்படங்களில் 'வெப்பன்ஸ்' (2025). ஒரே வகுப்புக் குழந்தைகள் பதினேழு பேர், அதிகாலை 2:17க்குக் கைகளை விரித்தபடி வீட்டைவிட்டு ஓடுகிறார்கள். அந்த ஓட்டம் கண்ணைவிட்டுப் போக மறுக்கிறது. ஒவ்வொரு பாத்திரமாகப் பிரித்துச் சொல்வது நன்றாக இருந்தது. கடைசிப் பகுதி சிரிப்பா திகிலா என்று அரங்குக்கே குழப்பம், சிரித்தவர்கள் அதிகம். பேயும் நகைச்சுவையும் கலந்த 'காஞ்சனா', 'அரண்மனை' வகைப் படங்களுக்குத் தனி மாதம் கேட்டு மனு வந்தது. குழந்தைகளோடு பார்க்கலாம் என்பதைத் தவிர அதற்கு ஆதரவாக வலுவான காரணம் எதுவும் வைக்கப்படவில்லை. மனு நிலுவையில் உள்ளது.

முடிவைப் போட்டு உடைப்பது பற்றிய சர்ச்சை குறித்துச் செயற்குழு நிறைவேற்றி, இன்று பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானம் இது: திரையிடலுக்கு முன்பும் படம் ஓடும்போதும் முடிவைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. படம் முடிந்த பிறகு எதை வேண்டுமானாலும் உடைக்கலாம். மீறுபவருக்குத் தடை கிடையாது. அடுத்த திரையிடலுக்கு அவர்தான் நாற்காலி அடுக்க வேண்டும். மேலும், ஆண்டில் ஒரு படமாவது இரண்டு முறை திரையிடப்படும். எந்தப் படம் என்பதை, அதை முன்பே பார்த்தவர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஒலிபெருக்கி ஒன்று பழுதாகி மாற்றப்பட்டது. 'ஜாஸ்' சோதனைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பின்கதவின் கீல் இன்னும் கிறீச்சிடுகிறது. எண்ணெய் போட வேண்டாம் என்று ஒரு பிரிவினர் எழுத்து மூலம் கோரியிருக்கிறார்கள்.

திரைப்பெட்டியையும் கணினியையும் ஒவ்வொரு முறையும் சுமந்து வந்த இளம் உறுப்பினர்களுக்கும், வசனப் பட்டியைப் பொருத்திக் கொடுத்தவருக்கும், கூட்டம் முடிந்து தனியே வீட்டுக்குப் போகப் பயந்தவர்களைக் கொண்டுபோய் விட்டவர்களுக்கும் நன்றி. புதிய ஆண்டின் முதல் திரையிடலாக பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) முன்மொழியப்பட்டுள்ளது. இளையராஜாவின் நூறாவது படம் என்பதால் ஒலிபெருக்கியை அதற்குள் சரிபார்த்துவிடுவதாகத் துணைச் செயலாளர் உறுதி கூறியிருக்கிறார்.

இவ்வறிக்கையையும் மேற்படி தீர்மானத்தையும் ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்