சபையாருக்கும் பெரியம்மாவுக்கும் ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், சுங்கை சிப்புட் ஊராருக்கும்,

உங்கள் உபதேசியார் நான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி ஒன்பது நாளாகிறது. கை இன்னும் நடுங்குவதால் நான் சொல்லச் சொல்ல மகள் தட்டச்சு செய்கிறாள். நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை மறுபடி சொல்ல மனமில்லை. உயிரோடு இருக்கிறேன், அது போதும்.

ஈப்போவுக்கும் இங்குமாக வேன் ஓட்டிய தம்பிகள், இரத்தம் கொடுத்த பிள்ளைகள், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த சகோதரிகள், பெயர் எழுதாத உறையில் 50 வெள்ளி (ரிங்கிட்) வைத்துப் போனவர், என் பெயருக்கு அர்ச்சனை செய்ததாகச் சொன்ன பக்கத்துத் தெரு முருகன் கோயில் தலைவர், இரவில் என் மனைவிக்குத் துணையிருந்த எதிர்வீட்டு மலாய் அக்கா, உங்கள் எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் ஒரு காரியத்தை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

நான் வீட்டுக்கு வந்த மறுநாள் மாலை பெரியம்மா ஒருவர் வந்தார். தன் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரப்பர் தோட்டத்தில் 40 ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. மடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். அட்டை மழையில் ஊறிக் காய்ந்து உப்பியிருந்தது. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடுகள். முதல் பக்கத்தில் 14, அடுத்ததில் 12, அதற்கடுத்து 9.

நான் படுத்திருந்த 11 ஞாயிறுகளிலும் அவரே நம் சபைக் கோயில் கதவைத் திறந்து, பெருக்கி, வந்தவர்களுக்குத் தலைக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார். "வாரா வாரம் நீ எண்ணி எழுதுவாயே தம்பி, விட்டுப்போகக் கூடாதே என்றுதான்."

ஏழாவது பக்கத்தில் ஒரே ஒரு கோடு.

"அன்றைக்கு மழை கொட்டித் தீர்த்தது. யாரும் வரவில்லை. நான் வந்தேனே." ஒரு கீர்த்தனை பாடி, பரமண்டல ஜெபம் சொல்லி, கதவைப் பூட்டிக்கொண்டு போனாராம்.

அந்தக் கோட்டைப் பார்த்து அழுதுவிட்டேன். காரணத்தை இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். என்னோடு சேர்ந்து ஊழியத்துக்குப் படித்த நண்பர் கிள்ளானில் பெரிய சபை நடத்துகிறார். ஒவ்வொரு ஞாயிறும் 14 என்று எழுதும்போது அவருடைய நூற்றுக்கணக்கானவர்களை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் காலியாயின, பிள்ளைகள் வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். இதெல்லாம் தெரிந்தும் குறை என்னிடம்தான் என்று நம்பினேன். படுக்கையில் விழுவதற்கு முன்பே விலகல் கடிதம் எழுதி வேதாகமத்துக்குள் வைத்திருந்தேன். மனைவிக்குக்கூடத் தெரியாது.

பெரியம்மாவிடம் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பால்மரத்தைப் பற்றிப் பேசினார். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் போக வேண்டும். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மேலோடு சீவினால் பால் வராது. "கை இங்கேயும் கண் பக்கத்து நிரையிலுமாக இருந்தால் மரம் கெட்டுப்போகும் தம்பி. பக்கத்து நிரைக்காரிக்கு இளமரம், எனக்குக் கிழட்டு மரம். காலையில் ஆளெடுக்கிற பிரட்டில், வேலையை மேற்பார்க்கிற தண்டல் பிரித்துக் கொடுத்தது அதுதான். என் மரத்தை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?"

அன்றிரவு யோவான் 21-ஆம் அதிகாரத்தை மகளை வாசிக்கச் சொன்னேன். கடற்கரையில் உண்டு முடித்து, 'என் ஆடுகளை மேய்ப்பாயாக' என்ற கட்டளையைப் பெற்ற பேதுரு, உடனே திரும்பி இன்னொரு சீஷனைப் பார்க்கிறான். 'ஆண்டவரே, இவன் காரியம் என்ன?' என்று கேட்கிறான். 'உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா' என்கிறார் இயேசு. அந்த 'உனக்கென்ன'வை இத்தனை காலமும் அதட்டலாகவே பிரசங்கித்து வந்தேன். இப்போதுதான் அது தலைச்சுமையை வாங்கி இறக்கி வைக்கிறவரின் குரலாகக் கேட்கிறது.

கிள்ளான் நண்பர் இரண்டு முறை வந்து என் தலைமாட்டில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான் எதிராளியாக இருந்ததே இல்லை. ஐயா, உங்களிடம் மனமார மன்னிப்புக் கேட்கிறேன்.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். மருத்துவர் சம்மதித்ததும் ஞாயிறு காலை கோயிலில் இருப்பேன். அதே நோட்டில் தொடர்ந்து எண்ணுவேன். வராதவர் யாரென்று தெரிந்துகொண்டு அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போவதற்காக எண்ணுவேன்.

பெரியம்மா, அதுவரை சாவி உங்களிடமே இருக்கட்டும். மழைக்குத் தாழ்ப்பாள் இறுகிக்கொள்ளும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுத் திறங்கள்.

உங்கள் உபதேசியார்,
சுங்கை சிப்புட், பேராக்