இந்த ஆண்டுச் சுற்றுலா நம் கடற்கரையிலேயே நடக்கட்டும்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும்,

வணக்கம்.

மாசி பிறந்தால் பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். கொடைக்கானல், இல்லையென்றால் மதுரைப் பக்கம் ஏதாவது ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. பணம் கட்ட முடிந்த பிள்ளைகள் பஸ் ஏறுவார்கள். முடியாத பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான்: இந்த ஆண்டு அந்தப் பயணத்தை நம் கடற்கரையிலேயே வையுங்கள். பெற்றோரையும் தம்பி தங்கைகளையும் சேர்த்து அழையுங்கள்.

மாசியும் பங்குனியும்தான் இதற்கு ஏற்ற காலம். வாடைக்காற்று ஓய்ந்து, பெண் கடல் என்று நாம் சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் அடங்கிக் கிடக்கும். சித்திரை வெயிலும் வந்திருக்காது. உச்சிப்புளி அருகே அரியமானில் சவுக்குத் தோப்பு நிழல் இருக்கிறது. காலை ஆறரை மணிக்குப் போய்விட்டால் வெயில் ஏறும்வரை பெரியவர்கள் கண்பார்வையில் சிறு பிள்ளைகள் கணுக்கால் அளவு நீரில் ஆடலாம். நீர் வற்றிய ஈர மணலில் அவர்களைச் சற்று நேரம் குந்தி உட்காரச் சொல்லுங்கள். குட்டி நண்டுகள் மணலை வாயால் சலித்து, இரையை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பயறளவு உருண்டைகளாக உருட்டி வளையைச் சுற்றி வைத்திருக்கும். அசையாமல் இருந்தால் நண்டே வெளியே வந்து வேலையைத் தொடரும்.

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே காரங்காடு இருக்கிறது. அங்கே அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்த சுவாச வேர்கள் சேற்றைத் துளைத்துக்கொண்டு விரல் விரலாக நிற்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால்தான் மரம் வேரை மேலே அனுப்புகிறது என்பதை அங்கே ஒரு முறை சொன்னால் போதும், எந்தப் பிள்ளையும் மறக்காது.

தனுஷ்கோடியின் பூநாரைகளுக்காக 2025-இல் அரசு சரணாலயமே அறிவித்தது. அதே கரையில் இரவில் ஏறி, கூட்டுக்கு நூறு முட்டை அளவில் இட்டுச் செல்லும் பங்குனி ஆமையின் குஞ்சுகளை வனத்துறையினர் கடலில் விடுவதும் இந்த மாதங்களில்தான். பிள்ளைகள் பார்க்க அனுமதி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். ஆனால் தனுஷ்கோடி நிலம் முடியும் அரிச்சல்முனையில் யாரையும் தண்ணீரில் இறக்கக் கூடாது. அங்கே நீரோட்டம் இழுக்கும். எந்தக் கடற்கரையிலும் சொறி மீன் (ஜெல்லி மீன்) ஒதுங்கிக் கிடந்தால் அன்று குளியல் வேண்டாம். பவளப்பாறைத் துண்டையும் பையில் போட வேண்டாம். அது 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது.

பெற்றோரை அழைக்கச் சொல்வது வெறும் காவலுக்காக இல்லை. கடற்பாசி எடுக்கப் போகும் தாய், பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றுவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டட்டும். வாடைக்காற்று எது, கச்சான் காற்று எது என்று வள்ளக்காரத் தந்தை சொல்லட்டும். சாயல்குடிப் பக்கத்துத் தாத்தா நுங்கு சீவிக் கொடுத்துவிட்டு, தின்று தீர்ந்த இரண்டு வெறும் நுங்குக் கூந்தலைக் குச்சியில் கோத்து, கவைக் கம்பால் தள்ளும் வண்டி செய்து தரட்டும். பள்ளி வாசலில் கூச்சத்தோடு ஒதுங்கி நிற்கும் இந்தப் பெற்றோர், அன்று தம் பிள்ளையின் வகுப்பு முழுவதற்கும் ஆசிரியராக நிற்பதை நான் பார்க்க வேண்டும். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது.

தேர்வு நெருக்கடியில் பங்குனி நழுவிப்போனாலும் வழி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் வீட்டில் இருப்பார்கள். கையில் காசு இருக்காது. அந்த நாட்களில் ஒரு மாலை, நான்கரை மணிக்கு மேல் ஊர்க் கடற்கரையில் பட்டம் விட ஏற்பாடு செய்யுங்கள். செலவு நூலுக்கும் காகிதத்துக்கும் மட்டும்தான்.

அடுத்த கழகக் கூட்டத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிடுங்கள். குடிநீருக்கும் பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறைக்கும் என்ன வழி என்று முன்பே ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும். கட்டுச்சோறும் மோரும் தாய்மார்களாகிய எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
பாம்பனிலிருந்து ஒரு மாணவியின் தாய்