புதுக்கணக்கு கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பும் முன்: வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளை மேலாளர்களுக்கும் புதுக்கணக்கு கவுண்டரில் உட்காருகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு வங்கிக் கிளைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எந்த வங்கி, எந்த ஊர் என்பது இங்கே தேவையில்லை, பல ஊர்க்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கணக்கு தொடங்க வருகிறவர்கள் முதலில் உங்களிடம் வருவார்கள், அப்புறம் என்னிடம். "ஆதாரும் பானும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று வருகிறவர் கொஞ்ச நேரத்தில் "ரேஷன் கார்டும் வேணுமாம்" என்று திரும்ப வருவார், அதையும் கொண்டுபோய்க் கொடுத்தால் மறுநாள் "இங்க கணக்கு வெச்சிருக்கிற யாராவது கையெழுத்துப் போடணுமாம், உங்களுக்கு அங்க கணக்கு இருக்கா?" என்று என்னையே கேட்பார். நகலுக்கு நகல் எனக்குக் காசு வரத்தான் செய்கிறது. ஆனால் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறவரிடம் அதை வாங்க மனசு வருவதில்லை.

அதனால்தான் ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகளை, அதாவது வாடிக்கையாளர் யார் என்று வங்கி உறுதி செய்துகொள்வதற்கான விதிகளை, எடுத்துப் படித்தேன். படித்ததிலிருந்து எனக்குக் கோபம் அதிகமாகியிருக்கிறது, ஏனென்றால் விதி கேட்பது மிகவும் கொஞ்சம். பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆதார், மாநில அரசு அதிகாரி கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்து வந்த கடிதம். இந்த ஆறில் ஏதாவது ஒன்று இருந்தால் அடையாளத்துக்கும் முகவரிக்கும் அதுவே போதும். கூடவே ஒரு போட்டோ, பான் எண். பான் இல்லையென்றால் அதற்குப் பதிலாக ஒரு உறுதிமொழிப் படிவம். ரேஷன் கார்டு அந்தப் பட்டியலிலேயே கிடையாது. ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவரின் அறிமுகக் கையெழுத்து தேவையில்லை, வங்கிகள் அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிப் பல வருடம் ஆகிறது. பிறகு ஏன் ஊருக்குப் புதிதாக வந்தவரிடம், இந்த ஊரில் ஒருவரையும் தெரியாதவரிடம், ஆள் கூட்டிக்கொண்டு வா என்கிறீர்கள்?

வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர்கள்தான் இதில் அதிகம் அலைகிறார்கள். ஆதாரில் ஒடிசா முகவரியோ பீகார் முகவரியோ இருக்கும், இங்கே ஆறு பேர் சேர்ந்து ஒரு அறையில் இருப்பார்கள், வாடகை ஒப்பந்தம் எல்லாம் யார் போட்டுக் கொடுக்கிறார்கள்? "லோக்கல் அட்ரஸ் புரூஃப் இல்லாம முடியாது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். ஆதார் ஈ-கேஒய்சி மூலம், அதாவது ஆதாரை ஆன்லைனில் சரிபார்த்து, கணக்கு தொடங்குகிறவர், ஆதாரில் இருப்பதைவிட வேறு முகவரியில் இப்போது வசித்தால், அதைத் தானே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும் என்று விதியிலேயே இருக்கிறது. ஈ-கேஒய்சி இல்லாமல் வேறு ஆவணம் கொடுப்பவருக்கும் வழி இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கரண்ட் பில், தண்ணீர் பில், வீட்டு வரி ரசீது மாதிரி ஒன்றை இப்போதைக்குக் காட்டிவிட்டு, மூன்று மாதத்துக்குள் புது முகவரியோடு அடையாள ஆவணத்தைக் கொடுக்கலாம்.

அடுத்தது பெயர். நம் ஊரில் குடும்பப் பெயர் என்று பலருக்கும் கிடையாது, இனிஷியல்தான். ஒரு அக்காவின் அட்டைகளைக் கண்ணாடியில் அடுக்கி வைத்தபோது பார்த்தேன். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து, அது அப்பாவுடையது. வாக்காளர் அட்டையில் கணவர் பெயர். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, கடைசிப் பெயர் மாதிரி, ஏனென்றால் பான் விண்ணப்பத்தில் இனிஷியல் போட முடியாது. மூன்றிலும் அதே முகம், அதே பிறந்த வருடம். "பேரு மேட்ச் ஆகலை" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்களாம். எதை மாற்ற வேண்டும், எதற்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தால், அரசு கொடுத்த திருமணச் சான்றோ அரசிதழ் அறிவிப்போ சேர்த்துக் கொடுத்தால் பழைய பெயரில் இருக்கும் ஆவணமே செல்லும். இதை அந்தக் கவுண்டரிலேயே அவரிடம் சொல்லியிருக்கலாமே.

ஒரு ஆவணமும் இல்லாதவரைக்கூட விதி கைவிடவில்லை. உங்கள் அதிகாரி முன்னால் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, தன் போட்டோவைக் கொடுத்தால் 'சிறு கணக்கு' தொடங்கலாம். வருடத்துக்கு 1 லட்சம் வரைதான் வரவு, எப்போதும் இருப்பு 50,000 தாண்டக் கூடாது, மாதம் 10,000 வரைதான் எடுக்கவும் அனுப்பவும் முடியும், 12 மாதம் செல்லும், ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் 12 மாதம். சாலையோரம் தங்கி வேலை செய்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! எந்தக் கிளையிலும் இதைப் பற்றிய ஒரு அறிவிப்பை நான் பார்த்ததில்லை. மினிமம் பேலன்ஸ் இல்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கும் அப்படித்தான், கேட்கத் தெரிந்தவருக்கு மட்டுமே கிடைக்கிறது.

ஆதார் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புதுமைப் பெண் உதவித்தொகை மாதிரி அரசுப் பணம் நேரடியாக வந்து சேர வேண்டிய கணக்கென்றால் ஆதார் கேட்பது சரி. மற்றவர்களுக்கு அது கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவர் தானாக ஆதார் நகலைக் கொடுத்து, அதை வைத்துச் சரிபார்ப்பு எதுவும் செய்யப்போவதில்லை என்றால், எண்ணை மறைத்த நகல்தான் உங்களிடம் வர வேண்டும், அதை உறுதி செய்ய வேண்டியதும் நீங்கள்தான். நான் எண்ணை மறைத்து எடுத்துக் கொடுத்தால் "நம்பர் தெரியல, வேற எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறீர்கள்.

உங்களுக்கு ஆள் பற்றாக்குறை இருப்பது தெரியும். பணமோசடிக்கு வாடகைக்குக் கணக்கு விடுகிறவர்கள் பெருகிவிட்டதால் பயம் இருப்பதும் தெரியும், ஒரு தவறான கணக்குக்கு நாளை பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். நன்றாகச் சரிபாருங்கள், கேள்வி கேளுங்கள். ஆனால் விதியில் இல்லாத காகிதத்தைக் கேட்பதால் மோசடிக்காரன் நிற்க மாட்டான், அவனிடம் எல்லாக் காகிதமும் இருக்கும்.

நான் கேட்பது இரண்டுதான். முடியாது என்றால் எந்த ஆவணத்தில் என்ன குறை என்று ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுங்கள். அது கையில் இருந்தால்தான் அவர் திருத்திக்கொண்டு வர முடியும், இல்லையென்றால் முதலில் உங்கள் வங்கியிலும், 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் போக முடியும். இன்னொன்று, அந்த ஆறு ஆவணங்களின் பட்டியலையும் சிறு கணக்கு பற்றிய விவரத்தையும் தமிழில், வெளிமாநிலத்தவர் வருகிற ஊரென்றால் இந்தியிலும், பெரிய எழுத்தில் வாசலிலேயே ஒட்டுங்கள். எதிர்க் கிளைக்கு வேண்டியதை நானே டைப் செய்து பிரிண்ட் எடுத்து, லேமினேட் போட்டு, காசில்லாமல் தருகிறேன். ஒட்டுவதற்கு இடம் மட்டும் காட்டுங்கள்.