நோயாளியின் துணையையும் கேட்டறியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூளையில் காயமடைந்தவர்களுக்கான புனர்வாழ்வுச் சிகிச்சை பற்றி, அச்சிகிச்சையைப் பெற்றுவரும் ஒருவரின் மனைவி என்ற முறையில் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

நாங்கள் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வாழும் விவசாயக் குடும்பம். கடந்த மாரிப்போகத்தின்போது, பொழுதுபட்ட பின் வட்டையிலிருந்து (வயல்வெளியிலிருந்து) மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த என் கணவர், வீதியில் படுத்திருந்த கட்டாக்காலி மாடொன்றில் மோதி விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருந்தும் அதன் பட்டியைப் பூட்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவருடைய உணர்வுநிலை 15 புள்ளிகளில் 7 எனக் கணிக்கப்பட்டது. அந்த அளவீட்டில் 3தான் ஆகக் குறைந்தது என்றும், 8 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் கடுமையான காயம் என்றும் வைத்தியர் பின்னர் எனக்கு விளங்கப்படுத்தினார். 2014இல் வாவிக்கு மேலான மண்முனைப் பாலம் திறக்கப்பட்டிராவிட்டால், அன்றிரவு வாவியைக் கடக்கும் படகுப் பாதைக்காகக் காத்து நின்றே அவரை இழந்திருப்போம் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மூளையின் வலப்பக்கத்தில் உறைந்திருந்த இரத்தத்தை அகற்றினார்கள். 19 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பின்னர் ஆறு வாரங்கள் சாதாரண வாட்டிலும் இருந்தார். அதன்பின் புதிதாக இயங்கத் தொடங்கியிருந்த ஒரு புனர்வாழ்வு நிலையத்துக்கு மாற்றப்பட்டார். ஏறக்குறைய 300 கிலோமீற்றர் கடந்து, கொழும்புக்கு அருகே ராகமையிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருக்குமோ என்று கலங்கியிருந்த எங்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அங்கு பணியாற்றுபவர்கள் அன்பானவர்கள். குறை அவர்களிடத்தில் இல்லை, நடைமுறையில்தான் இருக்கிறது என்பதால் நிலையத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை.

மாற்றப்பட்ட அன்று அவருடன் போனவை கிளினிக் கொப்பியும் ஸ்கேன் படங்களும் மருந்துப் பட்டியலும் மட்டுமே. வாசலில் கையொப்பம் வாங்கிக்கொண்டு என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆறு வாரங்களும் நாளாந்தம் அவருக்குச் சோறூட்டி, உடல் துடைத்து, எப்போது தூங்குகிறார், எதற்குச் சினக்கிறார் என்று ஒரு 80 பக்கக் கொப்பியில் நான் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கொப்பி என் பையிலேயே வீடு திரும்பியது.

அதனால் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். வலப்பக்க மூளை காயப்பட்டவர்களில் பலர் தமது இடப்பக்கத்தில் இருப்பவற்றைக் கவனிப்பதில்லை. இது கண் பார்வைக் குறைபாடு அல்ல. அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறது என்பதே மூளைக்கு எட்டாத நிலை. என் கணவர் பீங்கானில் உள்ள சோற்றில் வலப்பாதியை மட்டும் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டு, நடுவில் கோடு கிழித்தது போல மறுபாதியை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கழுவப் போய்விடுவார். பீங்கானை அரை வட்டம் திருப்பி வைத்தால், புதிதாகப் பரிமாறியதைப் போல மீதியையும் சாப்பிட்டு முடிப்பார். முந்திய வாட்டில் ஒரு தாதி இதை எனக்குக் காட்டித் தந்திருந்தார். புதிய இடத்தில் அவருக்குப் பசியில்லை என்று முடிவு செய்து, ஒவ்வொரு வேளையும் பாதிச் சோற்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர் மெலிந்துவிட்டதைக் கண்டு ஒன்பதாம் நாள் நான் கேட்டபோதுதான் இது தெரியவந்தது. பத்து நிமிடம் என்னுடன் பேசியிருந்தால் அந்த ஒன்பது நாட்களும் அவர் அரைவயிற்றுடன் கிடந்திருக்க மாட்டார்.

பேச்சிலும் இதே கதைதான். பயிற்சியின்போது 'இடப்புறம் திரும்புங்கள்' என்று அவரிடம் பல தடவை சொல்லியும் அவர் அசையவில்லை. ஒத்துழைக்கவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். உள்ளே அனுமதி இல்லாததால் வாசலில் நின்ற நான் பொறுக்க முடியாமல், 'இஞ்சால கிறுகுங்க' (இந்தப் பக்கம் திரும்புங்கள்) என்று எங்கள் வீட்டுப் பேச்சில் சொன்னேன். சற்று நேரம் எடுத்தாலும் கழுத்தைத் திருப்பி என்னைத் தேடினார். காயப்பட்ட மூளைக்குப் பழகிய குரலும் வீட்டுப் பேச்சும் எவ்வளவு துணை செய்கின்றன என்பதை அந்த ஓர் அசைவில் அங்கிருந்த எல்லோரும் கண்டார்கள்.

பார்வையாளர் நேரத்தையும் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். உடல் நிறையில் ஏறக்குறைய 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் சக்தியில் 20 சதவீதம் வரை செலவிடுகிறது என்றும், காயப்பட்ட மூளை சிறிய வேலைக்கும் கூடுதலாகப் பாடுபட வேண்டியிருப்பதால் விரைவில் களைத்துப்போகும் என்றும் வைத்தியர் சொல்லியிருந்தார். பயிற்சிகள் யாவும் காலையில் நடைபெறுகின்றன. எங்களுக்கு அனுமதி மாலை ஐந்து மணிக்கு. அந்நேரம் அவர் முற்றாகக் களைத்திருப்பார், வெளிச்சமும் சத்தமும் அவருக்கு ஆகாது, நாள் முழுவதும் அடக்கி வைத்திருந்த கோபம் என் மீதே வந்து விழும். 'நீங்கள் வந்தால்தான் குழம்புகிறார், சில நாட்கள் வராமல் இருந்து பாருங்கள்' என்று ஒருவர் சொன்னபோது, கடைசி பஸ்ஸில் படுவான்கரைக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதேன். அவர்கள் காலை மனிதரைக் காண்கிறார்கள், நான் மாலை மனிதரைக் காண்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்கு அங்கு ஒருவரும் இல்லை.

முதல் ஆறு மாதங்களில்தான் முன்னேற்றம் மிக வேகமாக இருக்கும் என்றும், அதன் பின்னரும் ஆண்டுக்கணக்கில் அது தொடரலாம் என்றும் சொல்கிறார்கள். அந்த ஆண்டுகளில் அவருக்குப் பயிற்சி கொடுக்கப்போவது நான்தான். எங்கள் ஊரில் இயன்மருத்துவர் எவரும் இல்லை. ஆகவே ஒரு நோயாளி புதிய இடத்துக்கு மாற்றப்படும் நாளில், அவரைக் கவனித்து வந்தவரை அமர்த்திப் பேசி, அவர் சொல்வதை நோயாளியின் கோவையில் எழுதிச் சேர்க்க வேண்டும். வாரத்தில் ஒரு காலையாவது பயிற்சியின்போது உடனிருக்க எங்களை அனுமதிக்க வேண்டும். ஆண்கள் வாட்டில் மனைவியர் இரவு தங்க முடியாது என்பது எனக்கு விளங்குகிறது. பகலில் ஒரு கதிரை போதும்.

இப்போது ஓர் இளம் சிகிச்சையாளர் புதன்கிழமைகளில் என்னை உள்ளே அழைத்துக்கொள்கிறார். சாப்பாட்டுத் தட்டின் இட ஓரத்தில் சிவப்பு நாடாவை ஒட்டி, அந்த நாடாவைக் காணும்வரை கண்ணை நகர்த்தப் பழக்குகிறார். நானும் அதைக் கற்றுக்கொண்டேன். ஆனால் இது அவருடைய தனிப்பட்ட நல்ல மனத்தால் நடப்பது. நாளை அவருக்கு இடமாற்றம் வந்தால் நான் மீண்டும் வாசலில்தான் நிற்க வேண்டும். சுகாதாரத் திணைக்களம் இதை எழுத்திலான நடைமுறையாக்க வேண்டும்.

அடுத்த மாதம் கணவரை வீட்டுக்கு அனுப்ப இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கிணற்றுக்குக் கட்டு உயரம் குறைவு; குளிக்கும் கல் அதன் வலப்பக்கத்தில் இருப்பதால், அங்கு நிற்பவருக்குக் கிணறு இடக்கைப் பக்கமாக அமைகிறது. அவரை அனுப்புவதற்கு முன் யாராவது ஒருவர் வந்து அந்தக் கிணற்றடியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
படுவான்கரை, மட்டக்களப்பு.