கோரைத் தண்டு விளக்கும் ஈயம் பூசுகிறவரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ‘பாரம்பரியக் கைத்தொழில்கள்’ என்று ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் செய்வதுபோலக் கடையில் உரல், திரிகை, முறம் படங்களை வாங்கிச் சார்ட்டில் ஒட்டினாள். திரிகையில் உளுந்து உடைத்து வளர்ந்த அவளுடைய பாட்டி அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, கேட்கச் சொல்லிப் பள்ளியும் சொல்லவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

அயர்லாந்தில் இதையே எப்படிச் செய்தார்கள் பாருங்கள். 1937 முதல் 1939 வரை, சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகள், கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாக, வீட்டிலும் பக்கத்திலும் இருந்த பெரியவர்களைக் கேட்டு எழுதினார்கள். வெண்ணெய் கடைவது, மெழுகுவத்தி, கூடை, கொல்லன் பட்டறை என்று வாரம் ஒரு தலைப்பு. எல்லாம் சேர்ந்து சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் பக்கம்! இன்றைக்கு இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அந்த ஊர்க் கைவேலைகள் நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. ஈர நிலத்தில் வளரும், நம்மூர்க் கோரை மாதிரியான தண்டின் தோலை உரித்து, ஒரே ஒரு கீற்றை மட்டும் விட்டு, உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற வெள்ளை உள்தண்டை உருக்கிய கொழுப்பில் தோய்த்துக் காயவைத்தால் அதுதான் ஏழை வீட்டு விளக்கு. கயிறு வைக்கோலில். ஒருவர் உட்கார்ந்து வைக்கோலை விட்டுக்கொடுக்க, இன்னொருவர் கொக்கியால் முறுக்கிக்கொண்டே பின்னோக்கி நடந்துபோவார். அப்புறம், வெண்ணெய் கடையும்போது யார் வீட்டுக்குள் வந்தாலும் அவரும் நாலு முறை கடைந்துவிட்டுத்தான் போகவேண்டுமாம், இல்லையென்றால் வெண்ணெய் திரளாது என்ற நம்பிக்கை.

நம் சென்னைத் தெருவிலும் இதெல்லாம் இருந்ததுதானே? நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பெரம்பூரில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். மண்ணில் சின்னக் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தியை மிதித்துக்கொண்டே பித்தளை அண்டாவைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார். நவச்சாரப் பொடியைத் தூவினதும் குபுக்கென்று வெள்ளைப் புகை எழும், மூக்கு எரியும். ஈயக் குச்சியால் ஒரு கோடு இழுத்து, துணியால் ஒரு சுற்றுத் தேய்த்தால் கறுத்துக் கிடந்த உட்புறம் முழுக்க வெள்ளியாகிவிடும். எவ்வளவு சூட்டில் பொடி தூவ வேண்டும் என்பது அவர் கைக்குத்தான் தெரியும். அம்மி கொத்துகிறவரும் அப்படியே. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பழைய வீடுகளையும் கைவேலைகளையும் பார்க்க முடிகிறது, நல்ல விஷயம். ஆனால் எங்கள் தெருவில் யார் என்ன செய்தார்கள், அதை எந்தச் சொல்லால் சொன்னார்கள் என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம்தான் இருக்கிறது.

பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். ஏழு, எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் வாரம் ஒரு கட்டுரை வகுப்பை ஒரு வருஷத்துக்கு இதற்கு ஒதுக்குங்கள். சார்ட் வேண்டாம், படம் வேண்டாம், ஒரு நோட்டுப் போதும். யார் சொன்னது, அவர் வயது என்ன, எந்த ஊர் என்று மேலே எழுதி, சொன்னதைச் சொன்னபடியே பிள்ளைகள் எழுதட்டும். கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. பழைய நூல்களை மின்னாக்கம் செய்கிறவர்கள், இந்த நோட்டுகளையும் ஏற்றிவைக்கலாம்.

என் மாமியாருக்கு 78 வயது. அரையாண்டு விடுமுறையில் என் மகள் திரிகையிலிருந்து எழுத ஆரம்பிக்கிறாள். நோட்டை யாரிடம் கொடுப்பது என்று துறை சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை