ஒயின் சுவைப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், நிர்வாகக் குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கடந்த பொதுக்குழுவுக்குப் பின் நடந்த அமர்வுகள், சுவைக்கும் முறையில் செய்த மாற்றங்கள், வரும் ஆண்டுக்கான பரிந்துரைகள் ஆகியவற்றை இவ்வறிக்கையில் தந்திருக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். அதில் கண்ணை உறுத்தும் கோப்பைச் செலவுக்கு மட்டும் இங்கேயே விளக்கம் சொல்லிவிடுகிறேன்.

கோப்பைகள்

ஒரே ஒயினை அகன்ற கோப்பையில் ஒருவரும் ஒடுங்கிய கோப்பையில் இன்னொருவரும் முகர்ந்துவிட்டு மதிப்பெண்ணில் சண்டை போடுவது பழைய வழக்கம். அதில் பாதி, கோப்பைகளுக்கு இடையிலான சண்டை. எனவே ஐ.எஸ்.ஓ. 3591 தரத்தின் மொட்டு வடிவக் கோப்பைகளை எல்லோருக்கும் ஒன்றுபோல் வாங்கினோம். 1977-இல் வகுக்கப்பட்ட இந்தக் கோப்பை ஏறத்தாழ 215 மில்லி கொள்ளும். ஆனால் ஊற்றுவது 50 மில்லிதான். மீதி இடம் மணம் தேங்குவதற்கு. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் இருந்து வரும் முதிர்ந்த ஒயினுக்கு இது சிறியது என்ற ஆட்சேபம் நியாயமானதே. விருந்துக்குப் பெரிய கோப்பை எடுத்துக்கொள்ளலாம். ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தால் எல்லோர் கையிலும் ஒரே கோப்பை இருக்க வேண்டும்.

750 மில்லி புட்டியில் கணக்குப்படி 15 பேருக்கு ஊற்றலாம். அடியில் வண்டல் இருக்குமென்பதால் 14 பேருக்கே திட்டமிடுகிறோம். அதற்கு மேல் ஆள் இருந்தால் இரண்டாவது புட்டி. இரண்டையும் கலக்கக்கூடாது. ஒரே பெட்டியில் வந்த இரு புட்டிகளில் ஒன்றின் கார்க் கெட்டு, ஒயினில் ஈர அட்டை வாடை ஏறியிருக்கலாம்; யாருக்கு எந்தப் புட்டியிலிருந்து ஊற்றினோம் என்பதைக் குறித்து வைத்தால்தான் பின்னால் குழப்பம் வராது.

கோப்பைகளை அட்டைப்பெட்டியில் கவிழ்த்து வைக்க வேண்டாம் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே அடைபடும் காற்றில் அட்டை வாடை ஏறிவிடும். அது கார்க் கெட்ட ஒயினின் வாடையை அப்படியே ஒத்திருக்கும். நல்ல புட்டியைக் குறைசொல்லித் திருப்பி அனுப்ப இதுவே போதும். சோப்பு போடாமல் வெந்நீரில் கழுவி, இழை உதிராத துணியால் துடைத்து, நிமிர்த்தி வையுங்கள். ஊற்றுமுன் வெறுங்கோப்பையை ஒரு முறை முகருங்கள். ஐயம் இருந்தால் ஒரு மடக்கு ஒயின் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிடலாம். சோப்பின் மிச்சம் ஷாம்பெய்னின் நுரையைக் கொன்றுவிடும் என்பது தனிக்கதை.

வெப்பநிலை

நுரைக்கும் ஒயின் 6 முதல் 10 டிகிரி செல்சியஸ், மெல்லிய வெள்ளை 8 முதல் 10, பீப்பாயில் வளர்ந்த கனமான வெள்ளை 10 முதல் 13, கனமான சிவப்பு 15 முதல் 18: இதுவே நாம் பின்பற்றும் அட்டவணை. கோப்பையில் ஊற்றியதும் சூடு ஏறத் தொடங்குமென்பதால் இரண்டு டிகிரி குறைவாகவே ஊற்றுகிறோம். சிவப்பு 24 டிகிரிக்குப் போனால் ஆல்கஹால் மூக்கில் குத்தும், பழம் வெந்துபோன மாதிரி இருக்கும். மிகக் குளிர்ந்தால் துவர்ப்பு முரடாகும். வெள்ளையை மிகவும் குளிரவைத்தால் மணத்தோடு சேர்ந்து குறையும் ஒளிந்துகொள்ளும். அவசரத்துக்கு வெறும் ஐஸ் கட்டியைவிட ஐஸும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்த வாளியே வேகமாகக் குளிர்விக்கும். வெப்பமானியைக் கோப்பைக்குள் விட்டுப் பாருங்கள். புட்டியைத் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

அமர்வுகள்

இவ்வாண்டு ஊரை ஊரோடும் தயாரிப்பாளரைத் தயாரிப்பாளரோடும் ஒப்பிடுவதையே மையமாக வைத்தோம். இரண்டையும் ஒரே மேசையில் கலந்தால் எதுவும் விளங்காது. இத்தாலியின் பரோலோ ஒயின்களுக்கான அமர்வில் இது தெளிவாயிற்று. அங்குள்ள லா மோரா ஊரின் ஒயின் மென்மையானது, செர்ராலுங்கா ஊரினுடையது இறுக்கமானது என்பது பாடம். ஆனால் லா மோராக்காரர் 225 லிட்டர் புதுப் பீப்பாயிலும் செர்ராலுங்காக்காரர் பழைய பெரிய மரத்தொட்டியிலும் வளர்த்திருந்தால், நாம் சுவைப்பது மண்ணையா மரத்தையா? எனவே முதலில் ஒரே தயாரிப்பாளரின் வெவ்வேறு தோட்டங்கள். அடுத்து கன்னுபி போன்ற ஒரே தோட்டத்தில் பலர் செய்த ஒயின்கள் என்று பிரித்துக்கொண்டோம். பர்கண்டியின் க்ளோ த வூஜோ தோட்டம் இதற்கு இன்னும் நல்ல பாடம்: ஏறத்தாழ 50 ஹெக்டேர், 80 அளவில் உரிமையாளர்கள், எல்லோருக்கும் கிராண்ட் க்ரூ என்ற ஒரே உச்சத் தகுதி. புட்டிக்குப் புட்டி மாறுவதைப் பார்த்தால், முகப்புச் சீட்டில் தோட்டத்தின் பெயருக்கு முன் செய்தவர் பெயரைத் தேடும் பழக்கம் வந்துவிடும்.

பரோலோவில் நிறத்தை வைத்துத் தவறான முடிவுக்கு வருவோர் அதிகம். பரோலோவுக்கான திராட்சையான நெப்பியோலோவின் ஒயின் இளமையிலேயே வெளிறியது, விளிம்பில் செங்கல் நிறம் காட்டும். அதை முதுமை என்றோ பலவீனம் என்றோ எழுதிவிட்டு, வாயில் வைத்ததும் ஈறு வறண்டு திகைக்கிறோம். சட்டப்படி 38 மாதம், அதில் 18 மாதம் மரத்தில் வளர்ந்த பிறகே இது வெளிவருகிறது. அப்போதும் துவர்ப்பு அடங்கியிருக்காது. துவர்ப்பு ஒவ்வொரு கோப்பைக்கும் வாயில் சேர்ந்துகொண்டே போகும். ஆறு ஒயினுக்கு மேல் வைத்தால் கடைசி ஒயின் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கிறது. இடையில் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும் போதும். சீஸ் துவர்ப்பை மறைத்து எல்லா ஒயினையும் நல்லவனாக்கிவிடும் என்பதால், அது மதிப்பிட்டு முடித்த பிறகுதான்.

ஜெர்மனியின் மோசல் பகுதியில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த ஒயின்களுக்கான அமர்வில் புளிப்பை அளக்கும் வழியைப் பழகினோம். காபினெட் என்ற இலகுவான வகையில் லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை இருந்தாலும் இனிப்பாகத் தெரியாமல் போகலாம். அமிலம் அதைத் தூக்கி நிறுத்தும். நாக்கு இனிப்பில் மயங்கும். எனவே துப்பிய பிறகு வாயின் இரு பக்கமும் எச்சில் எவ்வளவு நேரம் ஊறுகிறது என்று கவனியுங்கள். அதுதான் நம்பத்தக்க அளவுகோல். முதிர்ந்த ரீஸ்லிங்கில் வரும் மண்ணெண்ணெய் வாடை அந்த ரகத்துக்கே உரியது. அதற்கு மதிப்பெண் வெட்ட வேண்டியதில்லை.

பர்கண்டியின் ஷாப்ளி, மெர்சோ என்ற வெள்ளை ஒயின்கள் இரண்டும் ஷார்டனே திராட்சைதான் என்பதை நம்ப மறுத்தவர்களுக்காக ஓர் அமர்வு. வெப்ப அலை வீசிய 2003-இன் அறுவடையையும் குளிர்ந்து நனைந்த 2013-இன் அறுவடையையும் அருகருகே வைத்து, பிரான்சின் போர்டோ பகுதி ஒயின்களுக்கு ஓர் அமர்வு. இரண்டுமே நிறைவாக நடந்தன.

மறைத்துச் சுவைத்தல்

புட்டிக்கு உறை போட்டால் மட்டும் போதாது. சரிந்த தோள் பர்கண்டியையும் நிமிர்ந்த தோள் போர்டோவையும் காட்டிக்கொடுக்கும். கழுத்துத் தகட்டை முழுதாக உரித்துவிட்டு, ஊற்றுபவர் வேறு அறையிலேயே ஊற்றி எடுத்து வருகிறார். நிறமும் ஏமாற்றும். வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, போர்டோ மாணவர்கள் 54 பேர் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்ததை 2001-இல் வெளிவந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

வரிசையில் ஓர் ஒயினைச் சொல்லாமல் இருமுறை வைக்கும் வழக்கத்தைத் தொடங்கினோம். சிலருக்கு இது பிடிக்கவில்லை. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ஒரே புட்டியிலிருந்து மூன்று முறை ஊற்றிக் கொடுத்தும், பத்து நடுவர்களில் ஒருவர் அளவுக்கே மதிப்பெண் ஒரே பதக்க வரம்புக்குள் நின்றது என்பது ராபர்ட் ஹாட்ஜ்சன் 2008-இல் வெளியிட்ட முடிவு. தொழில்முறை நடுவர்களுக்கே இந்த நிலை என்றால் நாம் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. 20-க்கு அரை மதிப்பெண் வித்தியாசத்தை வெற்றி என்று அறிவிப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டோம். இருமுறை வந்த ஒயினுக்கு ஒருவர் தரும் மதிப்பெண்களின் இடைவெளி எவ்வளவோ, அவ்வளவுதான் அன்றைக்கு அவருடைய நுணுக்கம்.

ஊற்றியதும் முதல் பத்து நிமிடம் பேச்சு கூடாது என்ற விதி தொடர்கிறது. ஒருவர் 'செர்ரி' என்று சொல்லிவிட்டால் அப்புறம் மேசை முழுக்கச் செர்ரிதான்.

குறைகள்

கார்க் கெட்டதற்குக் காரணமான டி.சி.ஏ. என்ற சேர்மம் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே ஈர அட்டை வாடை வரும். அதைவிடக் குறைவாக இருக்கும்போதுதான் சிக்கல்: வாடை தெரியாது, பழமணம் மட்டும் அடங்கிப்போகும், 'சுமாரான ஒயின்' என்று எழுதி நகர்ந்துவிடுவோம். மூக்கு இதற்குச் சீக்கிரம் பழகிவிடும் என்பதால் முதல் முகர்வில் எழுந்த ஐயத்தை உடனே எழுதுங்கள். காத்திருந்தால் இது தெளியாது. அழுகிய முட்டை வாடை வேறு சங்கதி. சுழற்றினாலே பெரும்பாலும் போகும். போகாவிட்டால் சோதனைக் கோப்பையில் சுத்தமான செம்புத் துண்டைப் போட்டுப் பாருங்கள். வாடை குறைந்தால் கந்தகச் சேர்மம் என்று உறுதி. அந்தக் கோப்பையைக் கொட்டிவிட வேண்டும். நகப்பூச்சு நீக்கியின் நெடி ஆவியாகும் அமிலத்தோடு வருவது. குதிரை லாய வாடை பிரெட்டனோமைசிஸ் ஈஸ்டினால் வருவது. இது கொஞ்சம் இருந்தால் குறையா குணமா என்ற வழக்கு இவ்வாண்டும் தீரவில்லை. கார்க்கின் அடியில் ஒட்டியிருக்கும் படிகங்கள் டார்ட்டரிக் அமில உப்பு, கண்ணாடித்தூள் அல்ல.

பரிந்துரைகள்

மதிப்பெண் தாளில் 'நன்று', 'மிக நன்று' கட்டங்களை நீக்கிவிட்டு, துப்பிய பிறகு சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று எழுத இடம் விட வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிப் படிக்கம் வேண்டும். பொதுப் படிக்கம் தூரத்தில் இருந்தால் ஆட்கள் விழுங்கிவிடுகிறார்கள், ஐந்தாவது ஒயினுக்குப் பின் எல்லாமே பிரமாதமாகிவிடுகிறது. அமர்வன்று வாசனைத் திரவியம் தவிர்க்கும் விதியில் தலைக்குப் பூசும் ஜெல்லையும் சேர்க்கலாம்.

முதிர்ந்த புட்டிகளைக் கொடுக்க முன்வந்த உறுப்பினர்களுக்கு நன்றி. அவற்றை அமர்வுக்கு இரண்டு நாள் முன்பே ஒப்படைத்துவிடுங்கள். நிமிர்த்தி வைத்தால்தான் வண்டல் அடியில் படியும். அன்று மாலை கையில் ஆட்டிக்கொண்டு வரும் புட்டி அந்த அமர்வில் திறக்கப்படாது.

செயலாளர்