கடைசி ஸ்டேஜ் எது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மக்கள்தொகை 20 லட்சம் இல்லை என்று மத்திய அரசு மதுரை மெட்ரோ திட்டத்தைத் திருப்பி அனுப்பியது பற்றி உங்கள் கடிதப் பகுதியில் ஒரே சண்டை. நான் அதையெல்லாம் அமெரிக்காவில், பஃபலோ நகரில், மகள் வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் மொத்தமே மூன்று லட்சம் பேர் கிடையாது. ஆனால் ரயில் ஓடுகிறது.

திருமங்கலம் பஸ் ரூட்டில் இருபத்தெட்டு வருஷம் விசில் ஊதியவன் நான். எந்த வண்டியில் ஏறினாலும் தலை எண்ணாமல் இருக்க முடியாது.

பஃபலோ ஒரு காலத்தில் இரும்பும் தானியமும் கொழித்த ஊர். 1950இல் 5,80,000 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 2,78,000. பக்கத்து லாக்கவானாவில் பெத்லஹேம் ஸ்டீல் தன் உலைகளை அணைத்த நேரத்தில்தான் இங்கே ரயிலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். 1984இல் ஓட ஆரம்பித்தது. 50 கோடி டாலருக்கு மேல் செலவு, நீளமோ பத்து கிலோமீட்டர்தான்.

மற்ற ஊர்களில் நடு நகரத்தில் சுரங்கம், வெளியே தரை. இங்கே தலைகீழ். மெயின் தெருவில் தரையில் ஊர்ந்து போகிறது (அந்தத் தூரத்துக்கு டிக்கெட்டே வேண்டாம், எனக்குக் கை அரிக்கிறது!), நடு நகரத்தைத் தாண்டும்போது பூமிக்குள் இறங்குகிறது. ரயிலுக்காக அந்தத் தெருவில் கார் போவதைத் தடுத்தார்கள், கடைகள் ஒவ்வொன்றாக மூடின. இப்போது சில பகுதிகளில் கார்களைத் திரும்ப விட்டிருக்கிறார்கள். ரயில்தான் தெருவைக் கெடுத்தது என்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. வேலையும் போய், ஆளும் புறநகருக்குப் போன பிறகு எந்தத் தெரு தாங்கும்?

கோளாறு வேறு இடத்தில். ஜனவரியில் ஒருநாள், கடைசி நிலையமான யூனிவர்சிட்டியில் இறங்கினேன். என் பெட்டியிலிருந்து இறங்கியவர்கள் 31 பேர். மேலே ஏறி வந்ததும் அதில் 22 பேர் பனியில் வரிசை கட்டி நின்றார்கள், பஸ்ஸுக்கு. பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, ஆம்ஹெர்ஸ்டில் இருக்கிறது. முதல் திட்டத்தில் பாதை அதுவரைக்கும் போக வேண்டியது. ஆனால் 1986இல் இந்த நிலையத்தோடு நின்றது. நீட்டிப்பு இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.

கடைசி ஸ்டேஜ் சரியில்லை என்றால் நடுவில் எத்தனை நிறுத்தம் இருந்தும் கலெக்‌ஷன் வராது. எந்த நடத்துநரைக் கேட்டாலும் சொல்வார்.

தேய்கிற ஊருக்கு ரயில் எதற்கு என்று கேட்கிறார்கள். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் வேண்டும் என்பேன். கார் வைத்திருந்தவன் கிளம்பிவிட்டான், மிச்சம் இருப்பவர்களில் கார் இல்லாத குடும்பங்கள் ஏராளம். பஸ் என்றால் கலெக்‌ஷன் இல்லை என்று ராத்திரியோடு ராத்திரியாக டிரிப்பை வெட்டிவிடலாம். நான் போன ஒரு கிராமத்து டிரிப்பை அப்படித்தான் வெட்டினார்கள், மறுநாள் காலை நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்களாம். தண்டவாளத்தை அப்படிச் சுருட்டி வைக்க முடியாது.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர், 11,000 கோடி ரூபாய்க்கு மேல். தோப்பூர் எய்ம்ஸ், ரயில்வே ஜங்ஷன், மாட்டுத்தாவணி, உயர் நீதிமன்றம் என்று தொட வேண்டிய இடங்களைத் தொடுகிறது. 20 லட்சமா 15 லட்சமா என்ற சண்டை ஒருநாள் தீரும். என் பயம் அதற்கு அப்புறம்தான். பணம் போதவில்லை என்று வழியிலேயே பசுமலையோடு நிறுத்திவிட்டு, எய்ம்ஸுக்குப் போகும் நோயாளியை அங்கே ஷேர் ஆட்டோ பிடிக்கச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
திருநகர், மதுரை